மெங் ஜியாங்னூவைப் பெருஞ்சுவரிலிருந்து மீட்ட ஏழு நாட்கள்

“இதற்குத் தனிக் கட்டுரை தேவையில்லை. சீனப் பெருஞ்சுவர் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம்.” நான் எழுதிவரும் இணையக் கலைக்களஞ்சியத்தின் பேச்சுப் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை இந்த வரி கிடந்தது. மறுப்பு இருந்தால் ஏழு நாட்களுக்குள் சான்றோடு சொல்ல வேண்டும். இரவு இரவாக உட்கார்ந்து எழுதிய மெங் ஜியாங்னூ கட்டுரை அது. அன்று முழுக்க அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

அந்த வரியை எழுதியவரின் வாதத்தில் நியாயம் இருந்ததுதான் கூடுதல் வருத்தம். சீனாவின் முதல் பேரரசனான சின் பேரரசன் சுவர் கட்டப் பிடித்துப்போன கணவனைத் தேடி மனைவி மெங் ஜியாங்னூ போகிறாள். அவன் இறந்துவிட்டான் என்று அறிந்து அழுகிறாள். அந்த அழுகையில் சுவர் இடிந்து அவன் எலும்புகள் வெளிப்படுகின்றன. கட்டுரையில் இதை மட்டும்தான் எழுதியிருந்தேன். இப்படிப் படித்தால் யாருக்கும் அது சுவரின் கிளைக்கதையாகத்தான் தோன்றும்.

ஆனால் கதை சுவரைவிட மூத்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியாக ‘சுவோ சுவான்’ வரலாற்று நூலில் வரும் சி லியாங்கின் மனைவிதான் இதன் வேர். போரில் கணவனை இழந்த அவளிடம் அரசன் வழியிலேயே துக்கம் விசாரிக்கிறான். வீட்டுக்கு வந்து முறையாக விசாரிக்க வேண்டும் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. சுவரும் இல்லை, கண்ணீரும் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் அறிஞர் லியூ சியாங் தொகுத்த நூலில் அவள் அழ, நகரத்து மதில் இடிகிறது. பெருஞ்சுவரும் சின் பேரரசனும் கதைக்குள் நுழைவது டாங் அரசர்கள் காலத்தில்தான் (618–907). கி.மு. 221இல் பேரரசனானவனுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவளை அவன் சுவருக்குள் அடைப்பது எப்படித் தகும்? 1924இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்பாடல் வார இதழில் வரலாற்றாய்வாளர் கு ஜியேகாங் இந்தப் படிப்படியான மாற்றத்தை எழுதிக் காட்டினார்.

எனக்கு இது தெரியும். பக்க எண்தான் கையில் இல்லை. சீனமும் படிக்க வராது. கு ஜியேகாங்கின் ஆய்வை விளக்கும் ஆங்கில நூல் ஒன்று இரண்டரை மணி நேரப் பஸ் பயணத் தொலைவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. புதன்கிழமை விடுப்பு எடுத்துப் போனேன். எழுத்தர் தலை நிமிராமலே, “அறிமுகக் கடிதம் இருக்கிறதா?” என்றார். இல்லை. நூலை எடுத்துப்போக வேண்டாம், இரண்டு பக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும் என்று கெஞ்சினேன். “கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது.” அவ்வளவுதான் பதில். திரும்பும் வழியெல்லாம் அழுகை தொண்டையில் நின்றது.

வெள்ளிக்கிழமை கடிதத்தோடு போனேன். பட்டியலில் இருந்த நூல் அடுக்கில் இல்லை. பைண்டிங்குக்குப் போயிருக்கலாம் என்றார் அதே எழுத்தர். பக்கத்திலிருந்த வயதான ஊழியர்தான் எழுந்து போய், அடுத்த வரிசையில் மாற்றிச் செருகப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்துத் தந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். நீங்கள் இப்படிப் போவதாக இருந்தால் முதல் நாளே தொலைபேசியில் கடிதம், அனுமதி நேரம், நூல் அடுக்கில் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

அந்த நூலில் என் பிழை ஒன்றும் அகப்பட்டது. மெங் என்பதைக் குடும்பப் பெயர் என்று எழுதியிருந்தேன். பழைய வழக்கில் மெங் என்றால் மூத்தவள், ஜியாங்தான் குலப்பெயர். மக்கள் அதற்கு வேறொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மெங் வீட்டில் நட்ட சுரைக்கொடி மதிலேறி ஜியாங் வீட்டுப் பக்கம் காய்த்தது. அந்தச் சுரைக்காய்க்குள் இருந்த பெண் குழந்தைக்கு இரு வீட்டுப் பெயரும் வந்தது. எவ்வளவு அழகான விளக்கம்! முதலாவதைப் பெயர் வரலாறாகவும் இரண்டாவதை மக்கள் சொல்லும் கதையாகவும் தனித்தனியே எழுதினேன்.

சனிக்கிழமை இரவு, எந்த வடிவம் எந்தக் காலத்தது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு மேற்கோள் போட்டேன். வெண்பாம்பு (பெண்ணாக மாறிய பாம்பின் கதை), பட்டாம்பூச்சிக் காதலர், இடையனும் நெசவுப்பெண்ணும் ஆகிய மூன்றோடு இவள் கதையையும் சேர்த்து நான்கு பெருங்கதைகள் என்று சீனர்கள் சொல்வதையும் குறிப்பிட்டேன். ஞாயிறு காலை, இணைக்கப் பரிந்துரைத்தவரே கட்டுரையின் மேல் வைத்த இணைப்பு அறிவிப்பை நீக்கிவிட்டார்.

அதோடு எந்தக் கட்டுரை எந்தப் பகுப்பில் வர வேண்டும் என்பதையும் பேசி முடித்தோம். படைப்புக் கதைகளில் வரும் பான்கு, நூவா ஆகியோர் தொன்மவியலுக்குப் போனார்கள். 220இல் இறந்த தளபதி குவான் யூ வரலாறு, வழிபாடு என இரண்டிலும் இருக்கிறார். பெயர்களில்தான் இன்னும் இழுபறி. கிரந்த எழுத்து கூடாது என்றால் வெண்பாம்பின் கணவன் ஷூ ஷியானும் பட்டாம்பூச்சிக் கதையின் ஜூ யிங்தாயும் ஒரே ‘சூ’ ஆகிவிடுகிறார்கள். தலைப்பு எப்படியிருந்தாலும் முதல் வரியில் கிரந்த வடிவமும் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது வெண்பாம்புக் கட்டுரையை எழுதுகிறேன். அவளை அடைத்ததாகச் சொல்லும் ஹாங்சோ நகரின் லெய்ஃபெங் கோபுரம் 1924இல் இடிந்து, 2002இல் மீண்டும் எழுந்தது. கோபுரக் கட்டுரையோடு இணைக்கலாம் என்று ஒருவர் கேட்கும் முன்பே, 1624இல் எழுத்தாளர் ஃபெங் மெங்லோங் வெளியிட்ட கதை வடிவத்துக்கான மேற்கோளைப் பக்க எண்ணோடு முதல் பத்தியில் போட்டுவிட்டேன்.