காணவில்லை என்று சொன்னது ஒரு கோப்பை, காணாமல் போனது இன்னொன்று

அப்பாவின் பழைய கணினி இன்னும் வீட்டில் இருக்கிறது. பென்டியம் 3, 256 எம்பி ரேம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, 4 ஜிபி அளவுள்ள சி டிரைவில் விண்டோஸ் 98, மீதியுள்ள டி டிரைவில் விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா பல வருடங்களாகத் தட்டச்சு செய்த கட்டுரைகளும் கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் திஸ்கி எழுத்துருவில், அதாவது யூனிகோடு பரவும் முன் தமிழுக்குப் பயன்பட்ட ஒரு குறியாக்கத்தில். ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். பாதி வேலை முடிந்த நிலையில் போன வாரம் கணினி துவங்க மறுத்துவிட்டது.

கறுப்புத் திரையில் வந்த செய்தி இது: விண்டோஸைத் துவக்க முடியவில்லை, பின்வரும் கோப்பு காணவில்லை அல்லது பழுதாகியிருக்கிறது. அதற்குக் கீழே சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஹால்.டிஎல்எல் என்ற பெயர். அந்தக் கோப்பை மறுபடி நிறுவச் சொல்லி ஒரு வரி. அவ்வளவுதான்.

முதல் நாள் எதையும் சரிசெய்ய முயலவில்லை. அப்பாவின் எழுத்துகளை வெளியே எடுக்கும் வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பழைய டிஸ்க், என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாது. இந்தக் கணினி பென்டிரைவிலிருந்து துவங்காது, அதனால் பப்பி லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை ஒரு சிடியில் எழுதிப் போட்டேன். அது முழுதும் ரேமிலேயே ஓடக்கூடியது, டிஸ்க்கைத் தொடாது. இரண்டு டிரைவுகளையும் படிக்க மட்டும் என்று திறந்து, அப்பாவின் ஃபோல்டர் முழுவதையும், கூடவே அந்த எழுத்துருக்களையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். பழைய யுஎஸ்பி என்பதால் மிக மெதுவாக ஏறியது. முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்படியே டி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். சிஸ்டம்32 இருக்கிறது. ஹால்.டிஎல்எல்லும் அங்கேயே இருக்கிறது. காணவில்லை என்று திரை சொன்ன கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது.

சரி, பழுதாகியிருக்கலாம், எக்ஸ்பி சிடியிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரித்துப் போட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. பலரும் சொல்லும் வழியும் அதுதான்: சிடியில் ஐ386 என்ற ஃபோல்டரில் சுருக்கி வைத்திருக்கும் ஹால் கோப்பை எக்ஸ்பாண்ட் கட்டளையால் விரித்து சிஸ்டம்32க்குள் போடுவது. போடும் முன் ஹால் என்றால் என்ன என்று ஒரு மாலை முழுக்கப் படித்தேன். அந்த மாலைதான் கணினியைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் நிற்கும் அடுக்குதான் ஹால். எல்லாக் கணினிக்கும் ஒரே ஹால் கிடையாது. ஏசிபிஐ என்ற மின் நிர்வாக முறை உள்ள போர்டுக்கு ஒன்று, குறுக்கீடுகளைக் கையாளும் ஏபிஐசியும் சேர்ந்த போர்டுக்கு ஒன்று, பல பிராசசர் உள்ளதற்கு ஒன்று, இது எதுவும் இல்லாத மிகப் பழைய போர்டுக்கு ஒன்று என்று சிடியில் பல இருக்கின்றன. எக்ஸ்பியை நிறுவும்போது போர்டைப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்து, அதற்கு ஹால்.டிஎல்எல் என்று பெயர் மாற்றி வைத்துவிடும். சிடியில் ஹால் என்ற பெயரிலேயே இருப்பது அந்த மிகப் பழைய போர்டுக்கானது. பெயர் ஒத்துப்போகிறது என்று அதைத் தூக்கி என் கணினியில் போட்டிருந்தால் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கும். இணையத்தில் டிஎல்எல் கோப்புகளைத் தனியாக இறக்கித் தரும் தளங்களை நான் ஒருபோதும் தொடுவதில்லை. அதற்கு வைரஸ் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். ஒரே பெயருக்குள் எந்த வகை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மறுநாள் மானிட்டர் முன்னால் கைபேசியை நிறுத்தி, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து வீடியோ எடுத்தேன். கணினியை முதலில் எழுப்பும் பயாஸின் திரை மறைந்ததும் ஏதோ ஒரு வரி மின்னி மறைவதுபோல முந்தைய நாளே ஒரு சந்தேகம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது பிடிபட்டது: பூட்.ஐஎன்ஐ கோப்பு செல்லாதது, சி டிரைவில் உள்ள விண்டோஸிலிருந்து துவக்குகிறேன். அதற்குப் பிறகுதான் ஹால் பற்றிய செய்தி.

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. எக்ஸ்பி துவங்கும் வரிசை இப்படி: பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் உள்ள எம்பிஆர் என்ற சிறு நிரலை ஏற்றும். அது சி டிரைவின் தொடக்கத்தில் உள்ள பூட் செக்டாரை ஏற்றும். அது என்டிஎல்டிஆர் என்ற கோப்பை ஏற்றும். என்டிஎல்டிஆர், பூட்.ஐஎன்ஐயைப் படித்து டிஸ்க்கின் எந்தப் பிரிவில், அதாவது பார்டிஷனில், விண்டோஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். அப்புறம்தான் வன்பொருளைக் கண்டறியும் என்டிடிடெக்ட், கெர்னல், ஹால். எக்ஸ்பி டி டிரைவில் இருந்தாலும் இந்தத் துவக்கக் கோப்புகள் சி டிரைவில்தான் இருக்கும். பூட்.ஐஎன்ஐயில் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்டிஎல்டிஆர் நின்றுவிடாது. முதல் டிஸ்க், முதல் பார்டிஷன், விண்டோஸ் என்ற ஃபோல்டர் என்று தானே எடுத்துக்கொண்டு அங்கே போகும். பெரும்பாலான வீடுகளில் எக்ஸ்பி அங்கேதான் இருக்கும், அதனால் கணினி துவங்கியும் விடும். இங்கே முதல் பார்டிஷனில் இருப்பது 98. அதன் ஃபோல்டருக்கும் பெயர் விண்டோஸ்தான். 98க்கு ஹால்.டிஎல்எல்லே கிடையாது. ஆக, திரையில் வந்த செய்தி உண்மை. அது தேடிப்போன வீடுதான் வேறு.

மறுபடி பப்பியில் போய் சி டிரைவைப் பார்த்தேன். பூட்.ஐஎன்ஐ இருக்கிறது, அளவு 0 பைட். அப்போதுதான் ஞாபகம் வந்தது. துவக்கப் பட்டியல் 30 விநாடி காத்திருப்பதை 5 ஆக்கலாம் என்று சிஸ்டம் அமைப்பில் மாற்றி ஓகே அழுத்திய அதே நேரத்தில் மின்சாரம் போனது. அந்த விநாடி எண்ணிக்கை எழுதப்படுவது பூட்.ஐஎன்ஐயில். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் முன் நின்றுபோயிருக்க வேண்டும். சி டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது, அதில் புதிய முறையான என்டிஎஃப்எஸ்போலப் பதிவேடு வைத்துச் சரிசெய்துகொள்ளும் வசதி இல்லை.

சரிசெய்தது பத்து நிமிட வேலை. எக்ஸ்பி சிடியைப் போட்டு, வரவேற்புத் திரை வந்ததும் ஆர் அழுத்தினால் ரெகவரி கன்சோல், அதாவது கட்டளைகளைத் தட்டிப் பழுது பார்க்கும் திரை. அது கண்டுபிடித்தது ஒரே விண்டோஸ், டி டிரைவில் உள்ளது. 1 என்று தட்டினேன். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் கேட்டது, நாங்கள் வைத்ததே இல்லை, என்டர் மட்டும். அப்புறம் பூட்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ரீபில்ட். டிஸ்க் முழுவதையும் தேடிவிட்டு, கிடைத்ததைப் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்டது. ஒய். பட்டியலில் காட்ட ஒரு பெயர் கேட்டது, கொடுத்தேன். கடைசியாகத் துவக்க விருப்பங்கள் என்று கேட்கும் இடத்தில், சாய்கோட்டுடன் ஃபாஸ்ட்டிடெக்ட். எக்ஸிட் கொடுத்து, சிடியை வெளியே எடுத்து, காத்திருந்தேன். எக்ஸ்பியின் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உள்ளே போனதும் ஹால்.டிஎல்எல்லின் பண்புகளைத் திறந்து அசல் பெயர் என்ற இடத்தைப் பார்த்தேன். ஹால்ஏசிபிஐ என்று இருந்தது. சிடியிலிருந்து ஹால் என்ற பெயருள்ளதைப் போட்டிருந்தால் தவறானதுதான் ஏறியிருக்கும்.

ஒரு குறை மிச்சம் இருந்தது. ரீபில்ட் எக்ஸ்பியை மட்டுமே சேர்த்தது, 98 பட்டியலில் இல்லை. 98ஐத் துவக்க சி டிரைவில் பூட்செக்ட்.டாஸ் என்று 512 பைட்டில் ஒரு மறைகோப்பு வேண்டும். அது பத்திரமாக இருந்ததால் பூட்.ஐஎன்ஐயில் சி டிரைவைக் குறிக்கும் ஒரு வரியைக் கையால் சேர்த்ததே போதுமானதாக இருந்தது. புதிய கோப்பைத் திறந்து பார்த்தபோது ஒன்று கவனித்தேன். டிஸ்க் எண் 0 என்று ஆரம்பிக்கிறது, பார்டிஷன் எண் 1 என்று ஆரம்பிக்கிறது. அதனால் டி டிரைவுக்கு ஆர்டிஸ்க் (டிஸ்க் எண்) 0, பார்டிஷன் 2. கையால் எழுதுபவர்கள் இந்த இடத்தில் தவறினால் மறுபடி அதே ஹால் செய்திதான் வரும்.

நேற்று ஒரு ஃப்ளாப்பியை எக்ஸ்பியிலேயே ஃபார்மட் செய்தேன். எக்ஸ்பி ஃபார்மட் செய்யும் ஃப்ளாப்பியின் பூட் செக்டார் என்டிஎல்டிஆரைத் தேடும், 98இல் செய்தால் தேடாது. அதில் என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம், பூட்.ஐஎன்ஐ மூன்றையும் நகலெடுத்தேன். 1.44 எம்பியில் பாதிகூட நிறையவில்லை. உண்மையிலேயே உதவுமா என்று பார்க்க, சி டிரைவில் உள்ள பூட்.ஐஎன்ஐயின் பெயரை மாற்றிவிட்டு ஃப்ளாப்பியிலிருந்து துவக்கினேன். டிரைவ் கடகடவென்று சிறிது நேரம் ஓடியது, பட்டியல் வந்தது, எக்ஸ்பி திறந்தது. பெயரைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஃப்ளாப்பி கேபினெட்டின் பக்கவாட்டில் ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது, மேலே அப்பாவின் கையெழுத்தில் 'துவக்கம்' என்று.