பிசி, நொடி, புதிர்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியப் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வுக்குத் தமிழ்ப் பாடத்தில் முதல்முறை படித்தபோது, விடுகதை, புதிர், நொடி, விடுகதையின் பழம்பெயரான பிசி ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதி, 'ஒரே பொருள் தரும் பல சொற்கள்' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பொருத்துக வகை வினாக்களில் என் மதிப்பெண்களைத் தின்றது இந்தச் சோம்பல்தான்.

மறுமுறை, ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, அதன் பிற பொருள்களையும் சேர்த்தே எழுதினேன். நொடி என்றால் விடுகதை மட்டுமன்று. 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் சொல்லும் கைந்நொடிப் பொழுதும் அதுவே. யாழ்ப்பாணத்தார் தைப்பூசத்தன்று 'புதிர் எடுத்தல்' என்று சொன்னால், அது புதுநெல் எடுக்கும் சடங்கு. விடுகதையோ இலக்கணப் பகுதியில் வினைத்தொகையாகவும் வந்து நிற்கும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பிசிக்குத்தான். தொல்காப்பியத்தின் செய்யுளியல், 'ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும், தோன்றுவது கிளந்த துணிவி னானும்' என்று அதனை இரு வகையாக்குகிறது. நூற்பாவை மனப்பாடம் செய்தும் எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை. உரையில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகே தெளிந்தது. 'பிறைகவ்வி மலைநடக்கும்' என்பதில் பிறை தந்தத்துக்கும் மலை உடலுக்கும் ஒப்பாவதால், விடை யானை. இது முதல் வகை. 'நீராடான் பார்ப்பான் நிறஞ்செய்யான் நீராடின் ஊராடு நீரிற் காக்கை' என்பதற்கு விடை நெருப்பு. நீர் பட்டால் அணைந்து கரியாகும் அதன் இயல்பைச் சொல்லியே விடையைத் துணிய வைப்பதால், இரண்டாம் வகை. இங்கும் பார்ப்பானும் காக்கையும் ஒப்புமையாக வரவில்லையா என்று கேட்டால், வருகின்றன என்பதே என் எண்ணம். எல்லைக்கோடு அவ்வளவு கூர்மையானதன்று. ஆயினும் தேர்வறையில் உரைகாரர் பிரித்தபடியே விடையைக் குறிப்பதுதான் பிழைக்கும் வழி.

பிறகு, வீட்டில் கேட்டவற்றை இந்த இரண்டு வகைகளில் அடைத்துப் பழகினேன். 'அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்' என்னும் அம்மி குழவி விடுகதை தயங்காமல் முதல் வகையில் போய் உட்கார்ந்தது. 'அடிக்காமல் திட்டாமல் அழவைப்பாள்' என்னும் வெங்காயத்தை இரண்டாம் வகையில் வைத்தேன். விடுதித் தோழி ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிரவு நாங்கள் போட்ட வாக்குவாதத்தில் நூற்பா இருவருக்குமே மறக்காமல் பதிந்துவிட்டது.

இரண்டாம் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால், பொருத்துகவில் ஒரே ஓர் இணை உறுதியாகத் தெரிந்தாலும் வினாவை விட்டுவிடாதீர்கள்.