ஞாயிறு சாயங்காலம், மாவு அரைக்கிற நேரம்

வாரம் முழுக்க நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது ஞாயிறு சாயங்காலத்தைத்தான். அன்றைக்குத்தான் இட்லி மாவு அரைப்பேன். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊறப் போட்டுவிடுவேன்.

முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. ஜில்லென்ற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்புறம் மெல்ல உப்ப ஆரம்பித்ததும் கிரைண்டரின் சத்தமே மாறிவிடும். கடகடவென்று ஓடியது 'தொப் தொப்' என்று ஆகும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் பஞ்சு மாதிரி மிதக்கும். எத்தனை வருஷமாகப் பார்த்தாலும் அந்தத் துளி மிதக்கும்போது மனசு துள்ளுகிறது.

அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுத்துவிடுவேன். கல்லுப்பு போட்டு, மணிக்கட்டு வரை கையை விட்டுக் கரைப்பேன். கையால் கரைத்தால்தான் மாவு நன்றாகப் பொங்கும் என்பார் அம்மா. உளுந்தோடு ஒட்டி வரும் நுண்ணுயிர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் படித்தேன். இருந்தாலும் கரண்டி எடுக்க மனசு வரவில்லை. குளிர்ந்த மாவு விரலிடுக்கில் வழுக்கிப் போகிற சுகம் எனக்கு வேண்டும்.

இன்று காலை ஐந்தரைக்கு அடுக்களை விளக்கைப் போட்டேன். தூக்குவாளியில் பாதியளவு வைத்திருந்த மாவு மூடியையே லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இட்லித் துணியை நனைத்துத் தட்டில் விரித்தாகிவிட்டது.