நாற்கரக் கோணங்கள்: அட்டவணையை மூடிவிட்டு ஒரு மூலைவிட்டம் வரையுங்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வடிவியல் வந்தால் பலரும் இணைகரத்துக்கு ஒன்று, சரிவகத்துக்கு ஒன்று என்று விதிகளை அட்டவணை போட்டு உருப்போடுகிறார்கள். அத்தனை பாரம் தேவையே இல்லை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180°. இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் அதன் ஒரே பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்தும் 180°. இந்த இரண்டும் கையில் இருந்தால் பெரும்பாலான விதிகளை நீங்களே வரவழைத்துவிடலாம்.

நாற்கரத்தில் ஒரு மூலைவிட்டம் வரைந்தால் இரண்டு முக்கோணங்கள், ஆக 360°. சிலர் இரண்டு மூலைவிட்டமும் வரைந்து நான்கு முக்கோணம், 720° என்பார்கள். அதுவும் சரியான பாதைதான். நடுவில் வெட்டும் இடத்தைச் சுற்றியுள்ள 360° நாற்கரத்தின் கோணம் அல்ல, அதைக் கழித்தால் அதே விடை வரும்.

அடிக்கடி வரும் கணக்கு: கோணங்கள் வரிசையாக 1:2:3:4 விகிதத்தில் உள்ளன. மொத்தம் 10 பங்கு, ஒரு பங்கு 36°. எனவே 36°, 72°, 108°, 144°. பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் கோணமும் கடைசிக் கோணமும் அடுத்தடுத்து இருப்பவை, அவற்றின் கூடுதல் 180°. அப்படியென்றால் ஒரு சோடிப் பக்கங்கள் இணை. இன்னொரு சோடிக்கு 36-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 108-தான், ஆகவே அது இணையில்லை. இது சரிவகம்! வெறும் விகிதத்திலிருந்து வடிவத்தின் பெயரே கிடைத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

வட்ட நாற்கரத்தில், அதாவது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும் நாற்கரத்தில், எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°. அப்படி வட்டத்துக்குள் இணைகரம் வரைந்தால்? இணைகரத்தின் எதிர்க்கோணங்கள் சமம், எனவே ஒவ்வொன்றும் 90°, அது செவ்வகம்தான்.

ஒழுங்கு பலகோணம் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமம்) வந்தால் வெளிக்கோணத்தைப் பிடியுங்கள், அவை எல்லாம் சேர்ந்தால் 360°. உட்கோணம் 144° என்றால் 180-லிருந்து கழித்து வெளிக்கோணம் 36°, 360-ஐ 36-ஆல் வகுத்தால் 10 பக்கம். ஒரே வரியில் முடிந்தது.

அப்புறம், தேர்வில் படம் கொடுக்காவிட்டாலும் சின்னதாக ஒரு உதவிப்படம் போட்டு, ஒவ்வொரு படிக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். விடை வந்ததும் நாற்கரத்தின் நான்கு கோணங்களையும் கூட்டிப் பாருங்கள். 360 வரவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போகும் முன்பே திருத்திவிடலாம்.