ஸ்லைடுகளை மூடிவிட்டுப் பேசிப் பாருங்கள்

விளக்கவுரைக்குத் தயாராகிறோம் என்று சொல்லும்போது நம்மில் பெரும்பாலோர் உண்மையில் செய்வது ஸ்லைடுகளைத் தயாரிப்பதுதான். எழுத்துருவை மாற்றுவதிலும் படங்களை நகர்த்துவதிலும் மாலைப் பொழுதுகள் கழிந்துவிட, வாய்விட்டுப் பேசிப் பார்க்கும் வேலை கடைசி இரவுக்குத் தள்ளிப்போகிறது. பேச எழும்போது வரும் நடுக்கத்தில் பெரும்பகுதி இதனால் விளைவதே என்பது என் கருத்து.

நான் பரிந்துரைக்கும் முறை எளிது. கேட்பவர்கள் முடிவில் எதை ஏற்க வேண்டும் அல்லது எதைச் செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, கணினியைத் திறப்பதற்கு முன்பே முழுவதையும் ஒருமுறை சத்தமாகப் பேசிவிட வேண்டும். அப்போது நாக்கு தடுமாறும் இடங்களைக் கவனித்தால், அவை பெரும்பாலும் ஒரு கருத்தின் நடுவில் இருப்பதில்லை. ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் இருக்கும். அங்கே தடுமாறுவது நினைவாற்றலின் குறையன்று. அவ்விரண்டையும் இணைக்கும் காரணத்தை நாம் இன்னும் யோசிக்கவில்லை என்பதே பொருள். ஸ்லைடு மாறும் அசைவு அந்த இடைவெளியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது, கேட்பவர்களோ அதை உடனே உணர்ந்துவிடுகிறார்கள்.

நேரத்தையும் இப்படிப் பேசித்தான் அளக்க முடியும். நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று சொல்லப்படும் கணக்கு ஆங்கிலத்துக்குரியது. சொற்கள் ஒட்டி நீளும் தமிழுக்கு அது பொருந்தாது. இருபது நிமிடம் கொடுத்தால் பதினாறுக்குத் தயாரிப்பது நல்லது.

பதற்றம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சத்தைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பேசுபவர்கள் தாங்கள் நினைக்கும் அளவுக்குப் பதற்றமாகத் தோன்றுவதில்லை என்று தெரிந்தது. அதைவிட முக்கியமாக, இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்தவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். ஆகவே "பதற்றமாக இருக்கிறேன், மன்னியுங்கள்" என்று தொடங்காதீர்கள். அதுவரை யாரும் கவனிக்காததை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

இதற்கு மாறாக, தகவலில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலுமே என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. இந்தக் கணக்குக்கு அடிப்படையாக, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1960-களில் நடத்திய ஆய்வுகள், விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகள் வெளிப்படும் விதத்தைப் பற்றியவை. பட்ஜெட்டை விளக்குபவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

உரை முழுவதையும் மனப்பாடம் செய்தால், ஒரு சொல் தவறியவுடன் தொடரும் எல்லாம் குலைந்துபோகும். முதல் நிமிடத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், அதற்குள் மூச்சு சீராகிவிடும். நடுவில் கண்கள் உங்கள்மீது திரும்ப வேண்டுமானால், பவர்பாயிண்டில் ஸ்லைடுகள் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் திரை கருமையாகும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடு திரும்பிவிடும்.

கேள்வி நேரத்துக்கும் தயாரிப்பு வேண்டும். யாரும் கேட்கக்கூடாது என்று நீங்கள் விரும்பும் கேள்விகளை எழுதி, அவற்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று மட்டும் போடுவது வீண். கேள்விகள் முடியும்வரை திரையில் நிற்கப்போவது அதுதான் என்பதால், நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை அங்கே வையுங்கள்.