கழற்றிய டிரான்ஸ்பார்மர் எங்கே?

பதினோரு வருடம் ஒரு தனியார் மின் விநியோக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கட்டண மனு தயாரிப்பதுதான் என் வேலை. "தனியாரிடம் கொடுத்தால் என்ன, மேலே ஆணையம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாதா?" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆணையம் பார்த்ததெல்லாம் நான் தட்டச்சு செய்து அனுப்பிய அட்டவணைகளைத்தான்.

எங்கள் கட்டணம் முடிவாகும் விதம் இது: ஆன செலவு, அதற்கு மேல் போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் லாபம். பழுது பார்த்தால் செலவழித்த பணம் மட்டும் திரும்பி வரும். புதிதாக வாங்கிப் போட்டால் அது மூலதனம், வருடா வருடம் லாபம் தரும். அப்புறம் என்ன, உள்ளே கம்பிச் சுருளை மட்டும் மாற்றி ரீவைண்டிங் செய்தால் இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடிய டிரான்ஸ்பார்மரையும் இறக்கிவிட்டுப் புதிதை ஏற்றுவோம். பொய்க்கணக்கு எதுவும் கிடையாது. ரசீதுகள் பைசா சுத்தமாக இருக்கும். இப்படித்தான் நடக்கும் என்று அவெர்ச், ஜான்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1962-லேயே எழுதிவிட்டார்கள் என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதற்கு மாற்றாக இன்னொரு முறை உண்டு. 1984-ல் பிரிட்டனின் அரசுத் தொலைபேசி நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாமைத் தனியாருக்கு விற்றபோது, ஸ்டீபன் லிட்டில்சைல்ட் என்ற பொருளாதார அறிஞர் சொன்ன யோசனைப்படி, லாபத்தை விட்டுவிட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பணவீக்கத்தைவிட 3 சதவீதப் புள்ளி குறைவாகத்தான் கட்டணம் ஏறலாம். அதற்குள் மிச்சம் பிடித்தால் அது நிறுவனத்துக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை புத்திக்கு முதலில் தோன்றுவது வேறு: எதைக் குறைத்தால் இந்த வருடம் வெளியே தெரியாது? பராமரிப்பை.

பிரிட்டனின் தண்டவாளங்கள் ரயில்ட்ராக் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. பராமரிப்பு வேலை முழுக்க ஒப்பந்தக்காரர்களிடம். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் நொறுங்கி ரயில் தடம்புரண்டு 4 பேர் இறந்தார்கள். அங்கே விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, மாற்ற வேண்டிய தண்டவாளம்கூட வந்து கிடந்தது. சரி, வேறு எங்கெல்லாம் இப்படி விரிசல்? நிறுவனத்திடமே உருப்படியான பதிவேடு இல்லை. நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் ரயில்களை மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். மறு வருடமே நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. வைத்திருப்பவனுக்கே தெரியாததை ஆணையம் எந்தப் படிவத்தில் கேட்டு வாங்கும்?

எங்கள் மனு மீது ஆணையம் நடத்தும் விசாரணைகளில் பெரியவர்கள் லாபம் 14 சதவீதமா, 15 சதவீதமா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் தயாராக இருக்கும். ஒரே ஒருமுறை, ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் பொறியாளர், பட்டியலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "சார், இங்கே கழற்றிய பழைய டிரான்ஸ்பார்மர் இப்போது எங்கே இருக்கிறது? நான் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டோம். திருத்திய மனுவில் அந்த வரி இல்லை.