நகரி மலையும் சிவப்பு தெரியாத தகடும்

திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா பக்கம் போகிற ரயிலில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகவே நகரி மூக்கு தெரியும். உச்சியில் செங்குத்தாக நிற்பது குவார்ட்சைட், மணற்கல் இறுகி உருமாறிய கடினப் பாறை. வெயில் பட்டால் துருப்பிடித்த இரும்பின் நிறம். இதே முகட்டை 1860-களில் புழங்கிய கண்ணாடித் தகட்டில் எடுத்திருந்தால் கன்னங்கரேல் என்றுதான் விழுந்திருக்கும். பழைய நிலவியல் படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: அந்தத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது.

பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் (ஈதரும் ஆல்கஹாலும் கலந்த பசை போன்ற கொலோடியனைக் கண்ணாடியில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரமாகவே படமெடுப்பது) தகடு உணர்வது நீலம், ஊதா, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஆகியவற்றை மட்டுமே. செம்மண், செம்பாறை, பச்சை இலை எல்லாம் இருண்டுபோகும். நீல வானம் வெள்ளை வெளேரென்று வரும். ஆகவே பழைய படத்தில் பாறை முகத்தில் கறுப்புக் கோடு ஒன்றைப் பார்த்ததும் விரிசல் என்றோ கரிய களிப்பாறை அடுக்கு என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. மழைநீரோடு இரும்புக் கறை வழிந்த தடமும் அதே கறுப்பில்தான் விழும். கிரானைட்டிலும் இப்படித்தான். இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும் சாம்பல் குவார்ட்ஸும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். தகட்டில் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதைச் சோதிக்க வெள்ளி நைட்ரேட் எதுவும் வேண்டாம். இன்றைய வண்ணப் படம் ஒன்றை எடுத்து, கணினியில் சிவப்பு, பச்சை இரண்டையும் அணைத்து நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். பழைய தகட்டுக்கு மிக அருகில் வந்துவிடும்.

தூரத்து மலை இன்னும் சிக்கல். காற்றிலுள்ள மங்கல் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது; தகடும் அதைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நகரிக்கு அருகிலுள்ள புத்தூர்ப் பக்கமிருந்து எடுத்தால் நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற முகடுகூடத் தகட்டில் வானத்தோடு கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையே இதற்கு ஏற்ற நேரம். லென்ஸுக்கு முன் மஞ்சள் வடிகட்டி போட்டால் சரியாகாதா என்று கேட்கலாம். கொலோடியனுக்கு ஆகாது, அது பார்க்கிற ஒளியையே வடிகட்டி தடுத்துவிடும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சை, மஞ்சளையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்து, அப்படிப்பட்ட தகடுகள் கடைக்கு வந்த பிறகுதான் மஞ்சள் வடிகட்டிக்கு வேலை வந்தது.

வெளுத்த வானம் கறை கறையாக வரும். அதை மறைக்க நெகட்டிவில் வானப் பகுதியை மையால் அடைப்பது அந்தக் கால வழக்கம். மை பூசிய கை கொஞ்சம் தவறினால் முகட்டின் விளிம்பே மாறிவிடும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்ந்த லின்னேயஸ் ட்ரைப் தம் நெகட்டிவ்களில் மேகங்களைக்கூடத் தீட்டியவர். அவருடைய ராயக்கோட்டைப் படங்கள் 1858-இல் வெளியாயின. நம் எல்லைப் பகுதிப் பாறைக் குன்றுகளுக்கு இத்தனை பழைய, இத்தனை நேர்த்தியான படங்கள் கிடைத்தது பெரும் பேறு. ஆனாலும் அவற்றில் மலையின் வெளிக்கோட்டை அளப்பவர்கள் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். மெழுகேற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து வண்டியில் கொண்டுபோகலாம் என்பதால் நம் வெயிலுக்கு அது தோதாக இருந்தது.

கொலோடியனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஈரம் காய்வதற்குள் ஊற்றி, நனைத்து, படமெடுத்து, உருத்துலக்கி (மறைந்திருக்கும் படத்தை ரசாயனத்தால் வெளிக்கொண்டுவந்து) முடித்தாக வேண்டும். துடைத்த கண்ணாடியை ஒரு மூலையில் பிடித்து, நடுவில் கொலோடியனைக் குளம்போல ஊற்றி, ஒவ்வொரு மூலைக்காகச் சாய்த்து ஓடவிட்டு, கடைசி மூலையில் மிச்சத்தைக் குப்பியில் வடிக்க வேண்டும். வடியும்போது தகட்டை மெல்ல ஆட்டாவிட்டால் வரிவரியாகத் தடிப்பு நிற்கும். ஓரம் விரலில் ஒட்டாமல், அழுத்தினால் மட்டும் பதிகிற பதத்துக்கு வந்ததும் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சுமார் 3 நிமிடம் இறக்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கொலோடியனில் இருக்கும் ஈதர் 34.6 பாகை செல்சியசில் கொதிக்கும். சித்தூர் மாவட்டத்துக் கோடை 40-ஐத் தொடும். ஊற்றும்போதே ஈதர் பறந்துவிடுவதால் கொலோடியன் பாதித் தகட்டில் உறைந்து நின்றுவிடும். ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டிய கலவை, ஈர மணலில் புதைத்த குப்பி, ஈரத்துணி சுற்றிய இருட்டுக் கூடாரம் இவைதான் வழி. கூடாரத்துக்குள் விளக்குத் திரி கூடவே கூடாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தீப்பிடிக்கும். வெளிச்சத்துக்குச் சிவப்புத் துணி போட்ட ஜன்னல் போதும். பாறையைக் கறுப்பாக்குகிற அதே குருட்டுத்தனம் இங்கே நமக்கு உதவி.

தகடு ஒளியை உணரும் வேகம் மிகக் குறைவு. இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் சுமார் 1. நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16-க்கு 1 நொடி, அதைவிடச் சிறிய எஃப் 32-க்கு 4 நொடி. பாறை அசையாது, அதன்மேல் முளைத்த செடி அசையும். மங்கிய இலையைப் பார்த்தே அன்றைய காற்றைச் சொல்லிவிடலாம். உருத்துலக்க, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் அளவில் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்), அதோடு அசிட்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால். வெயில் காலத்தில் அன்னபேதியைக் குறைத்து அமிலத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில நொடிகளில் தகடு முழுக்கப் புகைமூட்டம் படரும். தகடு காய்ந்துபோயிருந்தால் கரைசல் சீராக ஓடாது, ஓரங்களில் சிப்பி வடிவக் கறை விழும். வாலுள்ள புள்ளிகள் தெரிந்தால் அது தூசி. படத்தை நிலைநிறுத்த ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போதும், அன்று பலர் பயன்படுத்திய சயனைடு பக்கம் போக வேண்டாம். வெள்ளி நைட்ரேட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் தொடங்கிவைத்த ஜெலட்டின் உலர்தகடு கூடாரத்தை ஒழித்தது. வெயில் மட்டும் விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஜெலட்டின் இளகி ஓரங்களில் மடிப்பு மடிப்பாகக் கண்ணாடியைவிட்டுக் கழன்றுவரும். இரவில் பானைத் தண்ணீரில் கழுவி, படிகாரக் கரைசலில் இறுக்கிச் சமாளித்தார்கள்.

ரசாயனம் சரியாக வந்தாலும் நிலவியல் படம் கெடுவது கோணத்தில். உயரமான முகட்டைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும், அடுக்கின் சாய்வும் பொய்யாகும். கேமராவை மட்டமாக வைத்து லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். அதற்கு வசதியில்லாத கேமராவானால், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அதுவும் படத்தில் வரும்படி எடுங்கள். எந்தத் திசையிலிருந்து பார்க்கிறோம் என்பதும் கணக்கு. அடுக்கு நீளும் திசையிலேயே பார்த்தால்தான் உண்மைச் சாய்வு தெரியும். 30 பாகை சாய்ந்த அடுக்கை 45 பாகை விலகி நின்று எடுத்தால் படத்தில் அது 22 பாகைதான் காட்டும். திசையைக் குறிக்காத படத்தில் சாய்வை அளப்பது வீண் வேலை.

அளவுகோலும் அப்படியே. 1873-இல் திமோத்தி ஓ'சல்லிவன் நியூ மெக்சிகோவின் கல்வெட்டுப் பாறையை எடுத்தபோது எழுத்துக்குக் கீழே அளவுகோலைச் சேர்த்து வைத்தார். திருமலைக்குப் போகிற மலைப்பாதையில் இந்தப் பாடத்தைக் கண்ணால் பார்க்கலாம். கீழே கிரானைட், மேலே குவார்ட்சைட், இரண்டும் தொடுகிற கோட்டில் சுமார் 80 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது, அதாவது அந்த இடைக்காலத்துப் பாறையே அங்கே இல்லை. நிலவியல் துறையின் வில்லியம் கிங் கடப்பாப் பாறைகளைப் பற்றிய தம் அறிக்கையை 1872-இல் வெளியிட்டார். அந்தக் கடப்பாப் பாறை அடுக்குகளின் அடித்தளம் இந்தக் கோடுதான். தூரத்திலிருந்து எடுத்தால் கோடு வெறும் நிழல்போல இருக்கும். கிட்டத்தில் மட்டும் எடுத்தால் எது மேலே எது கீழே என்பதே புரியாது. இரண்டும் வேண்டும், கிட்டத்துப் படத்தில் சுத்தியலைக் கோட்டின் மேலேயே போடாமல் பக்கத்தில் வையுங்கள், தொடுகை மறையக் கூடாது.

கடைசியாகப் பெயர் எழுதுவது. கேமராவில் எடுத்த நெகட்டிவைப் பூச்சுப் பக்கமிருந்து பார்த்தால் இடம் வலம் மாறியிருக்கும்; கண்ணாடிப் பக்கமிருந்து பார்த்தால்தான் நேர்ப்படம். தவறான பக்கத்தில் அச்சிட்டால் கிழக்கே சாய்ந்த அடுக்கு மேற்கே சாய்ந்துவிடும், பாறையில் எழுத்தில்லாததால் யாருக்கும் தெரியவும் செய்யாது. அதனால் வார்னிஷ் பூசுமுன் ஊர், தேதி, மணி, பார்த்த திசை நான்கையும் பூச்சுப் பக்க ஓரத்தில் ஊசியால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிக் கீறுவார்கள். அச்சில் எழுத்து நேராக விழுந்தால் மலையும் நேராக விழுந்திருக்கிறது.